வான் கதவு திறந்தால்: கந்தளாயிலிருந்து வெருகல் வரை

திருகோணமலையிலிருந்து ஏ6 வீதியில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வந்தால் கந்தளாய். குளக்கட்டில் ஏறினால் கண் நேரே தண்ணீர்ப் பரப்புக்குத்தான் போகும். மாரி காலத்தில் வருபவர்கள் அதற்கு முன் துருசடியில், அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகடியில், நாட்டியிருக்கும் அளவுகோலைப் பாருங்கள். அதில் ஈரச் சேற்றுக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் மட்டம் இறங்குகிறது. கோடே தெரியாமல் காய்ந்த பலகையைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறுகிறது.

துருசும் வானும் ஒன்றல்ல. துருசு வயலுக்கு: சிறுபோகத்திலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், அதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. வான் என்பது குளத்தின் உபரி நீரை வெளியே விடும் வழி. "வான் கதவு திறந்தாச்சு" என்று ஊரில் பேச்சு வந்தால்தான் தம்பலகாமம் பக்கத்துத் தாழ்நிலங்களுக்கு யோசனை.

குளம் முழுதாக நிரம்புமுன்பே ஏன் திறக்கிறார்கள் என்று பலர் கோபப்படுவதுண்டு. கணக்குப் பார்த்தால் விளங்கும். விநாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 2 ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). கந்தளாயின் கொள்ளளவு சுமார் 1,10,000 ஏக்கர் அடி. விநாடிக்கு 1,000 கன அடி திறந்துவிட்டாலும் பத்தில் ஒரு பங்கு குறைய ஐந்தரை நாள் ஆகும், அதுவும் உள்ளே ஒரு சொட்டும் வராவிட்டால். மின்னேரியா பக்கத்துக் கால்வாயிலிருந்தும் இங்கே தண்ணீர் வருகிறது. மழை கொட்டத் தொடங்கிய பிறகு கதவைத் திறந்தால் காலம் கடந்துவிடும்.

1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் இந்தக் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கனரக வாகனங்கள் கட்டின் மேல் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மண்கட்டில் கசிவு இருப்பது சாதாரணம். கட்டின் அடியில் ஊறுவது தெளிந்த நீரா என்பதுதான் கேள்வி. அது கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். கண்டவர்கள் அந்த இடத்தை விட்டு விலகி, 117க்கு அழைத்துச் சொல்லவேண்டும்.

கிண்ணியா, மூதூர் வழியாக ஏ15 வீதியில் இறங்கினால் கதை வேறு. இது மகாவலியின் கடைமடை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு கொட்டியாரக் குடாவில் விழுகிறது, இன்னொரு கிளை வெருகலாறாகப் போகிறது. மூதூரில் வெயில் எரிக்கும், அதே நாளில் மலைநாட்டு மழைத் தண்ணீர் வந்து சேரும். ஆகவே திருகோணமலை வானத்தைப் பார்த்துப் பயணத்தை முடிவுசெய்யாதீர்கள். மேலே மனம்பிட்டியில் ஆற்றின் மட்டம் என்ன என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவிப்பில் பாருங்கள். மேலேயுள்ள மொரகஹகந்த நீர்த்தேக்கம் வான் பாய்கிறதா என்பதும் முக்கியம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாறு அணைக்கட்டின் கரை உடைந்தபோது வெள்ளம் கீழ்ப்பக்க ஊர்களுக்குள் புகுந்தது.

முன்பு பாதையில் (வாகனங்களை ஏற்றும் மிதவைப் படகில்) ஏறிக் கடந்த கங்கை, இறால்குழி, உப்பாறு, வெருகல் துறைகள் எல்லாவற்றிலும் இப்போது பாலம் இருக்கிறது. பாலத்தைவிடப் பாலத்துக்கு ஏறும் வீதியைத்தான் நான் நம்பமாட்டேன். தண்ணீர் தாருக்கு மேலால் பாய்ந்து மறுபக்கம் விழும் இடத்தில் அடியிலுள்ள கிரவல் கரைந்துபோகும். மேலே தார் அப்படியே நிற்கும், சில்லு ஏறியதும் உடையும். ஓடும் நீர் ஒரு அடி இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும், இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும்.

கரையில் காத்திருந்தால் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு அரை மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் வண்டியைத் திருப்புங்கள். வாடைக்காற்றில் கடல் ஏறி நிற்கும் நாட்களில் ஆற்றுவாயால் வெள்ளம் மெதுவாகத்தான் வடியும். மேலே கதவைப் பூட்டினாலும் வெருகல் பக்கம் அன்றைக்கே வற்றிவிடும் என்று எண்ணாதீர்கள்.