பத்தடி அறையில் ஒலிப்பதிவு: கிளிநொச்சி வீடொன்றில் செய்த வேலை

கூத்துப் பாட்டும் மத்தளமும் பதிய எடுத்தது வீட்டுத்திட்டத்து அறை, பத்துக்குப் பத்தடி. பூசின கல்லுச் சுவர், சீமெந்து நிலம், மேலே சீற். கை தட்டினால் கிணற்றுக்குள் தட்டினமாதிரிக் கேட்டது. இப்படி ஒரு அறையில் விலை கூடின மைக்கை வைத்தால் அது அறையின் குறையைத்தான் இன்னும் துல்லியமாகப் பதியும். ஆகவே முதற்காசு சுவருக்கும் கரண்டுக்கும் போனது. மைக் கடைசியில்தான் வந்தது.

நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பது பெரிய தலையிடி. பத்தடிக்கு ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பிலும் ஒலி நின்று முழங்கும். சதுர அறையில் இரண்டு திசையிலும் அதே இடங்களில் முழங்குவதால் மத்தளத்தின் தொப்பிப் பக்கம் (தடித்த ஒலி தரும் பக்கம்) பருத்துக் கேட்கும். முட்டைத் தட்டு ஒட்டுவதால் இதற்கு ஒரு பயனும் இல்லை, நெருப்புப் பிடிக்கவும் வசதி. நாலடிக்கு இரண்டடி, நாலங்குல ஆழத்தில் ஆறு மரச்சட்டங்கள் அடித்து, ரொக்வூல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு) நிரப்பி, சீலை போர்த்தினோம். ரொக்வூல் கிடைக்காவிட்டால் இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து நிரப்பலாம்; வயர், பிளக் பக்கம் அண்டவிடக்கூடாது. சீலையில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகவேணும், ரெக்சின் சரிவராது. சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் நாலங்குலம் தள்ளி மாட்டினால் இன்னும் கீழ்ச்சுருதி வரை உறிஞ்சும். இரண்டை மூலைகளுக்குக் குறுக்காக நிறுத்தினோம்.

இந்தச் சட்டங்கள் வெளிச்சத்தத்தை மறிக்காது. அதற்குக் கதவின் கீழ் இடைவெளிக்கும் யன்னல் விளிம்புக்கும் றப்பர் பட்டி ஒட்டவேணும். மாரி மழை சீற்றில் விழத் தொடங்கினால் எந்த வித்தையும் பலிக்காது. மழை விட்டால் தவளை. கோடையில் இரவு பத்துக்குப் பிறகு நல்லது, விடியப்புறம் மயில் கத்தும். பதியும்போது ஃபானை நிற்பாட்டவேணும் என்பதால் ஒரு பதிவு பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த தொல்லை இரைச்சல். ஒருவரும் பாடாமல் ஒரு நிமிடம் பதிந்து பார்க்கவேணும். ‘ம்ம்ம்’ என்று 50 ஹேர்ட்ஸ் கேட்டு, மைக்கின் இரும்புடம்பைத் தொட்டதும் குறைந்தால் எர்த் சரியில்லை. லப்டொப் சார்ஜரைக் கழற்ற நின்றால் குற்றம் அந்தப் பக்கம், பற்றரியில் பதியுங்கள். மண் காய்ந்த ஆவணி, புரட்டாதியில் எர்த் கம்பி பிடிமானம் குறைந்து இரைச்சல் கூடும். கம்பியைச் சுற்றி ஈரம் வைத்திருக்கவேணும், தேவையென்றால் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு இன்னொரு கம்பி இறக்கவேணும். இரைச்சல் போகிறதென்று பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். உயிராபத்து, செய்யவே வேண்டாம்.

கருவிகளில் பெரிய சிந்தனை தேவையில்லை. இரண்டு மைக் செருகக்கூடிய, 48 வோல்ட் கொடுக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை லப்டொப்புக்குக் கொண்டுபோகும் பெட்டி), மத்தளத்துக்கு ஷுவர் எஸ்எம்57 போன்ற, உரத்த சத்தம் தாங்கும் டைனமிக் மைக், குரலுக்கு அந்த 48 வோல்ட்டில் வேலைசெய்யும், நுணுக்கமாக எடுக்கும் ஒரு கொண்டென்சர் மைக், காதை மூடும் ஹெட்போன். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். உச்சச் சத்தம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் கெயினை (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை) வைக்கவேணும்; பூச்சியத்தைத் தொட்டால் ஒலி உடையும். கூத்துக்காரர் ஒத்திகையைவிடப் பதிவில் உரத்துத்தான் பாடுவார்கள். பஃபர், அதாவது லப்டொப் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித்துண்டு, 128 சாம்பிள் என்றால் ஒலி உள்ளே போகவும் வெளியே வரவும் தாமதம் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெக்கன்.

அண்ணாவியாரையும் (கூத்தைப் பழக்கிப் பாடி நடத்துபவர்) மத்தளத்தையும் வேறுவேறாகப் பதிந்தால் சுத்தமாக இருக்கும், ஆனால் பாட்டின் இழுப்பும் தட்டும் ஒன்றையொன்று தேடும். ஒன்றாகவே பதிந்தோம். இருவரும் எதிரெதிரே ஆறடி தள்ளி இருந்தார்கள். கார்டியொயிட் மைக் தன் முதுகுப் பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவே எடுக்கும் என்பதால், குரல் மைக்கின் முதுகு மத்தளத்தை நேரே பார்த்தது. குரலுக்கும் மைக்குக்கும் ஒரு சாண்; இடையில் எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலோன் காலுறை, ‘ப’கரம் வெடிக்காது.

மாரியில் கொண்டென்சர் ஈரம் இழுத்துப் பொரியும் சத்தம் போடும். வேலை முடிந்ததும் இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவேணும். செம்மஞ்சள் மணி பச்சையாக மாறினால், சமையலுக்கு எடுக்காத சட்டியில் மெல்லிய சூட்டில் காய வைத்துத் திரும்பப் பாவிக்கலாம்.