பந்தயம் வைத்தவர் எந்த நாட்டில் இருக்கிறார்?

கிரிப்டோ சூதாட்டத் தளம் தொடங்க நினைப்பவர்கள் கம்ப்ளையன்ஸ் (சட்ட விதிகளைப் பின்பற்றுவதைக் கவனிக்கும்) பணியில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பது ஏறத்தாழ எப்போதும் ஒரே கேள்விதான்: கம்பெனியை எந்த நாட்டில் பதிவு செய்வது? சட்டம் முதலில் கேட்பதோ வேறு. பந்தயம் வைத்தவர் எந்த நாட்டில் இருந்தபடி அதை வைத்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் திறக்கப்படும் தளம், முதல் டெபாசிட் வந்த நாளிலேயே ஏதோ ஒரு நாட்டின் குற்றவியல் சட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. சர்வர் எங்கே இருந்தாலும் இது மாறாது.

பிரிட்டன் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. 2005-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் உரிமம் இல்லாமல் சூதாட்ட வசதி அளிப்பதைக் குற்றமாக்கியது. 2014 நவம்பர் 1 முதல், தளம் உலகின் எந்த மூலையில் இயங்கினாலும், பிரிட்டனில் உள்ளவர் ஆடினால் பிரிட்டனின் உரிமம் வேண்டும் என்று ஆயிற்று. இந்தியாவின் 2025-ம் ஆண்டு ஆன்லைன் கேமிங் சட்டமும், வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் பணம் வைத்து ஆடும் சேவைகளைத் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. அத்தகைய சேவையை அளிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இந்த விளையாட்டுகளுக்கு அங்கே உரிமம் வாங்கும் வழியே கிடையாது. தடை மட்டுமே உண்டு. ஒரு தீவு நாட்டில் வாங்கிய உரிமத்தைத் தளத்தின் அடிப்பகுதியில் முத்திரையாக ஒட்டுவதால் இந்த நாடுகளில் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

அந்தத் தீவு உரிமங்களும் பழையபடி எளிதாக இல்லை. கரீபியன் தீவான குராசாவில் நான்கு மாஸ்டர் (தலைமை) உரிமதாரர்கள் இருந்தார்கள். அவர்களிடம் துணை உரிமம் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான தளங்கள் நடந்தன. 2024 டிசம்பர் 24 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்ததும் அந்த ஏற்பாடு முடிந்தது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து நேரடியாக உரிமம் பெற வேண்டும். பழைய துணை உரிம எண்ணை இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் தளம், உரிமம் இல்லாததோடு இருப்பதாகப் பொய்யும் சொல்கிறது. விசாரணையில் இரண்டாவதுதான் அதிகம் உறுத்தும், ஏனென்றால் அது ஏமாற்றும் நோக்கத்துக்குச் சான்று.

அடுத்து வரும் வாதம்: கிரிப்டோ பணமே இல்லை, ஆகவே இது சூதாட்டமே இல்லை. பல நாடுகளின் சட்டங்களில் இந்த வாதத்துக்கு இடமே விடப்படவில்லை. பிரிட்டன் சட்டம் 'பணம் அல்லது பணமதிப்புள்ளது' என்கிறது. இந்தியச் சட்டம் பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், கிரெடிட் எல்லாவற்றையும் பந்தயத்துக்குள் சேர்க்கிறது. நெவாடாவில் 2015-ல் 'சீல்ஸ் வித் கிளப்ஸ்' என்ற போக்கர் தளத்தின் மீது வழக்கு வந்தது. அது பிட்காயினில் மட்டுமே நடந்த தளம். வங்கிக் கணக்கோ கார்டோ எதுவும் இல்லை. உரிமம் இல்லாமல் இணையச் சூதாட்டம் நடத்திய குற்றத்தை அதை நடத்தியவர் ஒப்புக்கொண்டார். 25,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. கிரிப்டோ என்றால் உரிமம் பெற்றவர்களுக்கே கதவு மூடப்படுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூன் 11 முதல், உரிமம் உள்ள ஆன்லைன் பந்தய நிறுவனங்களும் டிஜிட்டல் நாணயத்தை ஏற்கக் கூடாது.

கிரிப்டோவால் வழக்கு குறைவதில்லை, கூடுகிறது. சூதாட்ட உரிமம் ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்த இடத்தில் இரண்டாவது உரிமம் ஒன்று தேவைப்படுகிறது. அமெரிக்க நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென், மெய்நிகர் நாணயத்தை ஒருவரிடமிருந்து பெற்று இன்னொருவருக்கு அனுப்பும் தொழில் செய்பவர் பணப் பரிமாற்ற நிறுவனம் ஆவார் என்று 2013-லேயே சொல்லிவிட்டது. கேசினோ என்ற சட்ட வரையறைக்குள் வராத இணையச் சூதாட்டத் தளமும் கிரிப்டோவை ஏற்று அனுப்பினால் இதே வகையில் வரலாம் என்று 2019-ல் தெளிவுபடுத்தியது. உரிமமில்லாப் பணப் பரிமாற்றத்துக்கு அங்கே 5 ஆண்டு வரை சிறை. மாநில உரிமம் தேவை என்பது தெரியாது என்று சொல்லியும் தப்ப முடியாது. தெரியாமை அங்கே எதிர்வாதமே அல்ல என்று சட்டப் பிரிவே சொல்கிறது.

வழக்கறிஞர் அல்லாதவர்கள் தவறவிடும் இடம் இதுதான். குற்றப்பத்திரிகையில் 'சூதாட்டம்' ஒரு வரியாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 1970-ம் ஆண்டுச் சட்டப்படி, 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து, மாநிலச் சட்டத்துக்கு எதிரான சூதாட்டத்தை 30 நாளுக்கு மேல் தொடர்ந்து நடத்தினாலோ, ஒரே நாளில் 2,000 டாலர் மொத்த வருவாய் பார்த்தாலோ கூட்டாட்சிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. 2006-ம் ஆண்டுச் சட்டம் சட்டவிரோத இணையப் பந்தயத்துக்குப் பணம் பெறுவதைத் தனிக் குற்றமாக்கியது. அதற்கும் 5 ஆண்டு. அந்த வருமானத்தை, அதன் மூலத்தை மறைக்கவோ அதைக்கொண்டு தளத்தைத் தொடர்ந்து நடத்தவோ நகர்த்தினால், கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதற்கு எதிரான பிரிவு. அதற்கு 20 ஆண்டு வரை. ஆக, பந்தயம் நடத்தியதற்கான தண்டனையைவிட, அதில் வந்த லாபத்தை இப்படி இன்னொரு வாலட்டுக்கு மாற்றியதற்கான தண்டனை நான்கு மடங்கு. தளத்தை நடத்துபவர் தினமும் செய்கிற வேலை இது. அதனால்தான் அவருக்கு அது குற்றமாகவே தோன்றுவதில்லை.

வங்கி வழியும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு. கார்டு பரிவர்த்தனையில் சூதாட்டத்துக்கான வணிகக் குறியீடு 7995. பல வங்கிகள் அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் மறுத்துவிடும். உடனே, மென்பொருள் கடை, துணிக்கடை என்று வேறு பெயரில் கணக்கைத் திறந்து பணம் வாங்கலாம் என்று பேமெண்ட் தரகர் யோசனை சொல்வார். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவில் போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் ஆகிய இணையப் போக்கர் தளங்கள் மீது வந்த குற்றப்பத்திரிகையில் வங்கி மோசடி சேர்ந்தது இதனால்தான். நகையும் கோல்ஃப் பந்தும் விற்பதாகக் காட்டிய போலிக் கடைகள் வழியாகப் பணம் போனது என்பது குற்றச்சாட்டு. இன்று அதே யோசனை, ஆட்டக்காரர் கார்டில் கிரிப்டோ வாங்கி அப்படியே தளத்துக்குள் விழும்படி அமைக்கும் வடிவில் வருகிறது. வங்கிக்குச் சொல்லும் காரணம் பொய்யாக இருந்தால் குற்றத்தின் தன்மை மாறாது.

சொந்த டோக்கன் வெளியிட்டு, தளத்தின் லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்பவர்கள் பங்குச் சந்தைச் சட்டத்தையும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். 'சடோஷிடைஸ்' பந்தயத் தளத்தின் பங்குகளைப் பதிவு செய்யாமல் பிட்காயினுக்கு விற்றதற்காக, அதன் இணை உரிமையாளர் 2014-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 50,000 டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. அந்த நடவடிக்கை சூதாட்டம் பற்றியதே அல்ல.

கண்டுபிடிக்க முடியாது என்ற நம்பிக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறான முடிவுகளும் இதன் மேல் நிற்கின்றன. தளம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனி டெபாசிட் முகவரி தருகிறது. அந்த முகவரிகளில் சேர்ந்ததை மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் கூட்டி அள்ளி, ஹாட் வாலட் எனப்படும் இணையத்தோடு இணைந்த பொது வாலட்டுக்கு அனுப்புகிறது. பிட்காயினில் இப்படிப் பல முகவரிகளை ஒரே பரிவர்த்தனையின் உள்ளீடாகச் சேர்க்கும்போது, அவை எல்லாம் ஒரே உரிமையாளரிடம் உள்ளன என்பது வெளியே தெரிந்துவிடும். விசாரணை அதிகாரி ஆட்டக்காரராகப் பதிவு செய்து ஒரு சிறு தொகையைப் போட்டால் போதும். அடுத்த கூட்டலில் அது நூற்றுக்கணக்கான முகவரிகளோடு சேர்ந்து தளத்தின் மொத்த வரவையும் காட்டிக்கொடுக்கும். பிறகு லாபம் கிரிப்டோவைப் பணமாக மாற்றும் எந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது என்று பின்தொடர்ந்து, அங்கே கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள) ஆவணங்களைக் கேட்டு வாங்கினால், உரிமையாளரின் பாஸ்போர்ட் கையில் வந்துவிடும். 2016-ல் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து திருடப்பட்ட பிட்காயின்களில் சுமார் 94,000 காயின்கள் 2022 பிப்ரவரியில் பறிமுதல் ஆயின. ஐந்தரை ஆண்டு கழித்தும் பரிவர்த்தனைச் சங்கிலி அப்படியே இருந்தது. ஸ்டேபிள்காயினில் (டாலர் போன்ற நாணயத்தோடு மதிப்பு இணைக்கப்பட்ட கிரிப்டோவில்) வைத்திருந்தால் இன்னும் எளிது. யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி வெளியிடும் நிறுவனங்களால் ஒரு முகவரியை முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறார்கள்.

பலரது காயின்களைக் கலந்து தரும் மிக்ஸர் வழியாக அனுப்பினால் தடம் மறையும் என்பார்கள். மறைந்தாலும் மறையாவிட்டாலும், மறைக்க முயன்றது பதிவாகிறது. மோசடி நோக்கத்துக்கு அரசுத் தரப்பு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

தளம் தொங்கிக்கொண்டிருக்கும் மற்ற கொக்கிகளும் பழையவைதான். டாட் காம் முகவரிகளின் பதிவேடு அமெரிக்க நிறுவனமான வெரிசைனிடம் இருக்கிறது. 2012-ல் போடாக் டாட் காம் என்ற பந்தயத் தளத்தின் முகவரியை அமெரிக்க அரசுத் தரப்பு முடக்கியபோது அது கனடாவில் உள்ள பதிவாளர் வழியாக வாங்கப்பட்டிருந்தது. ஆணை பதிவாளரிடம் போகவே இல்லை, நேராகப் பதிவேட்டுக்குப் போனது. கேம் வழங்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்த உரிமத்தைக் காக்க, தடை செய்யப்பட்ட நாடுகளின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்கின்றன. மீறல் தெரிந்தால், விளையாட்டுகளைத் தளத்தோடு இணைக்கும் ஏபிஐ சாவியை நிறுத்திவிடுவார்கள். அன்றே தளத்தில் பாதி விளையாட்டுகள் இருக்காது. ஆட்டக்காரர்கள் பதறி ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க வருவார்கள். அப்போதுதான் கையிருப்பில் ஓட்டை இருப்பது வெளியே வரும். ஃபுல் டில்ட் விஷயத்தில் 2011 மார்ச் முடிவில் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி என்று அமெரிக்க அரசுத் தரப்பு சொன்னது. ஆட்டக்காரர் இருப்பைத் தனி வாலட்டில் வைக்காமல் நடைமுறைச் செலவோடு கலப்பது உரிமமற்ற தளங்களில் சாதாரணம். தட்டிக்கேட்க ஆணையம் இல்லை. கலந்த பணம் குறைந்த அன்று, உரிமக் குற்றத்தோடு மோசடிக் குற்றமும் சேர்கிறது.

ஆட்டம் நேர்மையானது என்று நிரூபிக்கும் 'புரோவப்ளி ஃபேர்' இருக்கிறதே என்பார்கள். சர்வர் சீடின் (முடிவைக் கணக்கிட உதவும் ரகசிய எண்ணின்) ஹேஷை, அதாவது டிஜிட்டல் கைரேகையை, முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்டக்காரரின் சீடையும் வரிசை எண்ணையும் சேர்த்து முடிவைக் கணக்கிடும் முறை அது. நல்ல முறைதான். ஒவ்வொரு சுற்றும் திருத்தப்படவில்லை என்பதை அது காட்டும். டெபாசிட் செய்தவர் பதினாறு வயதுப் பையனா, பொருளாதாரத் தடைப் பட்டியலில் உள்ளவரா, திருட்டுப் பணமா என்பதைக் காட்டாது. உரிமம் கேட்பதெல்லாம் அதைத்தான். கறுப்புப் பணத்துக்கு எதிரான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்-ன் தரநிலை கேசினோவில் 3,000 டாலர் அல்லது யூரோ அளவை எட்டினால் ஆட்டக்காரரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது. கிரிப்டோ சேவை நிறுவனங்களின் அவ்வப்போதைய பரிவர்த்தனைக்கு எல்லை 1,000. அமெரிக்கத் தடைப் பட்டியல் மீறலில் சிவில் பொறுப்புக்கு, தெரிந்து செய்தாரா என்று பார்ப்பதே இல்லை.

ஜியோ பிளாக்கிங், அதாவது சில நாட்டவரைத் தளத்துக்குள் விடாமல் தடுப்பது பற்றி ஒன்று. ஐபி முகவரியை மட்டும் பார்த்து நாட்டைத் தடுப்பது, தடுத்ததாகச் சொல்லிக்கொள்ளத்தான் உதவும். கணக்கு மொழி, நேர மண்டலம், தொலைபேசிக் குறியீடு, அடையாள ஆவணம் ஆகியவை தடை செய்யப்பட்ட நாட்டைக் காட்ட, ஐபி மட்டும் வேறு நாட்டைக் காட்டினால் அந்தக் கணக்கை நிறுத்த வேண்டும். நடப்பது வேறு: டெபாசிட் செய்யும்போது எதுவும் கேட்காமல், பெரிய தொகை ஜெயித்து எடுக்க வரும்போது மட்டும் நாட்டைக் காரணம் காட்டி மறுக்கிறார்கள். ஆட்டக்காரர் எங்கிருந்தார் என்பது தளத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்த மறுப்புக் கடிதமே சாட்சி. 'விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள்' (இருப்பிடத்தை மறைக்கும் மென்பொருள்) என்று சப்போர்ட் சாட்டில் ஓர் ஊழியர் எழுதிய ஒற்றை வரி, தளம் எழுதிவைத்த எல்லா விதிமுறைகளையும் செல்லாததாக்கிவிடும்.

அந்த ஊழியரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பதுதான் இந்தத் துறையில் மனத்தை மிகவும் வருத்துவது. மேலே சொன்ன அமெரிக்கச் சட்டத்தின் ஐந்து பேர் என்ற எண்ணிக்கையில் உரிமையாளர் மட்டும் இல்லை. நடத்துபவர், மேற்பார்ப்பவர், வழிநடத்துபவர் எல்லோரும் அடக்கம். வாலட் சாவி வைத்திருக்கும் இளம் டெவலப்பர், பணம் எடுக்கும் கோரிக்கைகளை அனுமதிக்கும் ஷிப்ட் மேலாளர், கமிஷனுக்கு ஆள் சேர்க்கும் அஃபிலியேட் ஆகியோர் எளிதில் கைக்கு எட்டுபவர்கள். உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பார், இவர்கள் வீட்டு முகவரியில் இருப்பார்கள். பிரிட்டனில் சட்டவிரோதச் சூதாட்டத்தை விளம்பரம் செய்வதே தனிக் குற்றம். சம்பளத்தைக் கிரிப்டோவில் வாங்கியிருந்தால் அதுவும் குற்ற வருமானமாகப் பார்க்கப்படலாம்.

இன்னொரு பக்கம், தோற்ற ஆட்டக்காரரே வழக்குத் தொடரலாம். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உள்நாட்டு உரிமம் இல்லாத தளத்தோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்று கூறி, இழந்த தொகையைத் திருப்பித் தர நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. இந்தத் தீர்ப்புகளைத் தன் மண்ணில் நிறைவேற்றுவதைத் தடுக்க மால்டா 2023-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது என்றால் தொகையின் அளவைப் புரிந்துகொள்ளலாம். ஜெயித்தவருக்குக் கொடுத்தாயிற்று, தோற்றவருக்கும் கொடுக்க வேண்டும். தளத்துக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் கிடைக்கும் எந்த ஹவுஸ் எட்ஜும் (லாப விகிதமும்) அதைத் தாங்காது.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர், நிறுத்துவது என்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதலில் புதிய பதிவையும் டெபாசிட்டையும் மூடுவது. பிறகு ஆட்டக்காரர் இருப்புகளைப் பட்டியலிட்டு, அந்தத் தொகை முழுதையும் தனி வாலட்டுக்குப் பிரிப்பது. லாபத்தைத் தொடாமல் வைப்பது. திருப்பித் தருவதற்கு முன், பெறுபவர் தடைப் பட்டியலில் இருக்கிறாரா என்று சரிபார்ப்பது. சர்வர் பதிவுகள், சாட், வாலட் கணக்குகள் எதையும் அழிக்கக் கூடாது. விசாரணையைத் தடுக்கும் நோக்கில் ஆவணத்தை அழித்தால் அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு மட்டுமே 20 ஆண்டு வரை போகும். கம்பெனியின் வழக்கறிஞர் கம்பெனிக்காக மட்டுமே பேசுவார். ஊழியர் ஒவ்வொருவரும், ஆட்டக்காரர்கள் இருந்த நாடுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கென்று ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.