நரிட்டாவில் வயல், ஹகாடாவில் பள்ளம்

"ஜப்பான்ல ரோடு உள்வாங்கிடுச்சாம், ஒரே வாரத்துல சரி பண்ணிட்டானாம். நம்ம ஊர்ல நடக்குமா?" இந்த வாட்ஸ்அப் கதையைக் கேட்டுக் கேட்டு, அந்த இடத்தை நேரில் பார்க்க ஃபுகுவோகா நகரத்தின் ஹகாடா ரயில் நிலையத்துக்கே போய்விட்டேன். பார்க்க ஒன்றுமில்லை. அகலமான சாலை, இரண்டு பக்கமும் அலுவலகங்கள், சிக்னலுக்குக் காத்திருக்கும் பேருந்துகள்.

கதை உண்மைதான். 2016 நவம்பர் 8, விடிகாலை ஐந்தேகால். அடியில் மெட்ரோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் பீறிடுவதைப் பார்த்து மேலே ஓடிவந்து வண்டிகளையும் மறித்ததால் ஒரு உயிரும் போகவில்லை. பள்ளம் சுமார் 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். மண், சிமெண்ட், தண்ணீர் கலந்த கூழை ஊற்றி நிரப்பினார்கள். தண்ணீருக்குள்ளேயே இறுகிவிடும் கலவை. 15-ஆம் தேதி காலை ஐந்து மணிக்குச் சாலை திறந்தாயிற்று.

வாட்ஸ்அப் சொல்லாத மிச்சத்தை ரயிலிலேயே பார்த்தேன். அந்தச் சுரங்கம் நனகுமா தடத்தின் நீட்சி, வெறும் 1.4 கிலோமீட்டர். 2020-இல் ஓட வேண்டியது, 2023 மார்ச் 27-இல்தான் ஓடியது. பள்ளத்தை மூடுவது வேறு, மண்ணைப் புரிந்துகொண்டு மறுபடி தோண்டுவது வேறு. மூடும் வேலையில் "வேண்டாம்" என்று சொல்ல யாரும் இல்லை. சாலை பொதுச்சொத்து, மின்சாரம், எரிவாயு, குடிநீர் ஆட்கள் எல்லோருக்கும் அன்று ஒரே அவசரம்.

"வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருந்தால் அதே ஜப்பான் எப்படி நகரும் என்பதற்கு டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிட்டா விமான நிலையம் சாட்சி. அதன் இரண்டாம் ஓடுதளத்தின் தெற்கு முனையருகே தோஹோ என்று ஒரு சின்னஞ்சிறு கோயில். இருபுறமும் ஆள் உயரத்தைத் தாண்டிய வெள்ளைத் தடுப்புச்சுவர்கள், நடுவில் ஒற்றைச் சந்து. நடந்தால் பாதுகாப்பு வண்டி ஒன்று பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. தலைக்கு மேல் விமானம் இறங்குகிறது. சக்கரத்தைக் கைநீட்டித் தொட்டுவிடலாம் போல. பக்கத்திலேயே காய்கறி வயல்.

1966-இல் விவசாயிகளைக் கேட்காமல் அமைச்சரவை இடத்தை முடிவு செய்தது. அங்கே ஆரம்பித்தது வினை. 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்கு நாலு நாள் முன்னால், போராட்டக்காரர்கள் சாக்கடை வழியாக ஏறிவந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்தையே அடித்து நொறுக்கினார்கள். திறப்பு மே 20-க்குத் தள்ளிப்போனது. இரண்டாம் ஓடுதளம் 2,500 மீட்டருக்குத் திட்டமிட்டது. தெற்கே விவசாயிகள் நிலம் தராததால் 2002-இல் 2,180 மீட்டரோடு திறந்தார்கள். கடைசியில் எதிர்த்திசையில், வடக்கே நீட்டி, 2009-இல்தான் முழு நீளம் வந்தது. இவர்களிடம் இல்லாத இயந்திரமா, பொறியாளரா?

இதே நாடுதான் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயில் பாதையை, 515 கிலோமீட்டரை, 1959-இல் ஆரம்பித்து 1964 அக்டோபரில் ஓட்டிக் காட்டியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வேறொரு ரயில் திட்டத்துக்காக நிலத்தில் ஒரு பகுதியை வாங்கிப் போட்டிருந்தார்கள், சில சுரங்கங்களையும் தொடங்கியிருந்தார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை.

சீனாவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. பெய்ஜிங்–ஷாங்காய், 1,318 கிலோமீட்டர்; 2008 ஏப்ரலில் தொடங்கி 2011 ஜூனில் ரயில் ஓடியது. அங்கே நகர நிலம் அரசுடையது, கிராம நிலம் கூட்டுடைமை. நஷ்டஈட்டுத் தொகைக்குச் சண்டை போடலாம். திட்டமே வேண்டாம் என்று நின்று ஜெயிப்பது கஷ்டம். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கும் பொறாமை உண்டு, ஆனால் நரிட்டா வயலைப் பார்த்த பிறகு அந்தப் பொறாமையில் கொஞ்சம் உப்பு குறைந்துவிட்டது.

நம் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலைப் பாருங்கள். 508 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அந்த டோக்கியோ–ஒசாகா தூரமேதான். தொழில்நுட்பமும் கடனும் ஜப்பானுடையது. 2017 செப்டம்பரில் அடிக்கல். குஜராத்தில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் மகாராஷ்டிரத்தில் நிலம் எடுப்பு இழுத்துக்கொண்டே கிடந்தது. முழு நிலமும் கைக்கு வந்துவிட்டது என்று அறிவித்தது 2024 ஜனவரியில்.