ஒரு கடைவாய்ப்பல்லும் நான்கு கொழும்புப் பயணமும்

கீழ் வலது பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய பிறகு ஏழு வருடம் அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தேன். நடுவில் கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து பார்த்தேன். பாடம் சொல்லும்போது அது அசையும். கச்சான் துணுக்கு அடியில் போய் முரசைக் குத்தும். இரண்டு மாதத்தில் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். போன வருடம், மட்டக்களப்பில் நான் வழக்கமாகப் பார்க்கும் பல் வைத்தியர் கண்ணாடியைக் கையில் தந்தார். மேல் பல் அந்த இடைவெளிக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்துப் பல்லும் சாய்ந்திருந்தது. “இன்னும் விட்டா இம்பிளான்ட் வைக்கிறதுக்கு இடமே இருக்காது ரீச்சர்” என்றார்.

இம்பிளான்ட் என்றால் தாடை எலும்புக்குள் டைட்டேனியத் திருகாணி ஒன்றை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல்லைப் பூட்டுவது. எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அதனால் முதலில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, முரசு சுத்தம் செய்தல் எல்லாம் ஊரிலேயே முடிந்தன. சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகுதான் கொழும்புக்குக் கடிதம் தந்தார். மட்டக்களப்பில் நான் இருக்கும் கல்லடியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். எத்தனை தரம் போய்வர வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி.

கொழும்பில் முதலில் முப்பரிமாண எக்ஸ்ரே. நாடியை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் நிற்க, இயந்திரம் தலையைச் சுற்றி வந்தது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அடுத்தது வாய் ஸ்கேன். முந்தி கட்டுப்பல்லுக்கு அளவெடுத்தபோது வாய் நிறையக் களியை அப்பி, ஓங்காளம் வந்து கண்ணீர் வடிய இருந்த ஆள் நான். இந்தத் தரம் தடித்த பேனை மாதிரி ஒரு கருவியைப் பல்வரிசை மேல் மெதுவாக நகர்த்தினார்கள். திரையில் என் பற்கள் ஒவ்வொன்றாக முளைத்து வந்தன.

அதன்பிறகு நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, டொக்டர் என் தாடையைத் திரையில் குறுக்காக வெட்டிக் காட்டினார். எலும்புக்குள் ஓடும் நரம்பைச் செம்மஞ்சள் கோடாக வரைந்திருந்தார். கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். திருகாணிக்கும் அதற்கும் இடையில் குறைந்தது 2 மில்லிமீற்றர் விட வேண்டுமாம். முதலில் 10 மில்லிமீற்றர் நீளத் திருகாணியை இறக்கிப் பார்த்தார். கோட்டுக்கு மிகக் கிட்டப் போய்விட்டது. பல் இல்லாத ஏழு வருடத்தில் எலும்பின் உயரம் குறைந்திருந்ததுதான் காரணம். 8 மில்லிமீற்றருக்கு மாற்றி, சரிவைக் கொஞ்சம் திருத்தினார். கத்தி படுவதற்கு முதலே, எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அந்தத் துணிவில்தான் ஓம் என்றேன்.

அந்தத் திட்டத்தை வைத்து ஒரு வழிகாட்டி அச்சு அடிப்பார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில், பற்களின் மேல் தொப்பி போல உட்காரும். துளையிடும் ஊசி போக அதில் ஓர் ஓட்டை உண்டு. இங்கேதான் என் காரியம் தடக்கியது. ஸ்கேன் எடுத்து ஊருக்கு வந்த கிழமை, பக்கத்துப் பல்லின் பழைய அடைப்பு உடைந்தது. வலி தாங்காமல் கிட்ட இருந்த ஓரிடத்தில் அடைத்துக்கொண்டேன். அதைக் கொழும்புக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சத்திரசிகிச்சை நாளில் அச்சை வைத்தால் ஆடியது. அது சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றில் பல்லுக்கும் அச்சுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அடைத்த பல்லின் வடிவம் மாறியிருந்தது. “இப்படியே துளைச்சா போட்ட திட்டத்துக்கு அர்த்தமில்லை அம்மா” என்று டொக்டர் நிறுத்திவிட்டார். இரவு முழுக்க பஸ்ஸில் வந்த எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அவர் செய்தது சரி. வாய் ஸ்கேன் மட்டும் புதிதாக எடுத்து, பழைய எக்ஸ்ரேயோடு பொருத்திக்கொண்டார்கள். ஸ்கேனுக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் எந்தப் பல்லில் கை வைத்தாலும் முதலில் அங்கே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு பயணம் வீணானது அதனால்தான்.

மூன்றாம் பயணத்தில் அச்சு அசையாமல் உட்கார்ந்தது. மரப்பூசி போட்ட பிறகு வலி இல்லை, அதிர்வு மட்டும்தான். எலும்பு சூடேறினால் கெட்டுவிடும் என்பதால் உப்புநீரை விடாமல் பாய்ச்சினார்கள். முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மறுநாள் கன்னம் வீங்கியது, மூன்று நாளில் வற்றியது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் காத்திருப்பு. கம்பியூட்டரால் இதைக் குறைக்க முடியாது. டைட்டேனியத்தை எலும்பு பற்றிக்கொள்ளும் என்று கண்டு, 1965இல் சுவீடனில் முதல் ஆளுக்கு வைத்தவர் பிரனேமார்க் என்ற வைத்தியர். அன்று போல இன்றும் எலும்பு தன் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. என் மச்சாள் “காசு குடுத்தும் ஓட்டைப் பல்லோடதானே திரியிறா” என்று கவலைப்பட்டாள். இடைப்பட்ட பார்வையெல்லாம் மட்டக்களப்பிலேயே நடந்தது. கொழும்பில் போட்ட திட்டத்தின் கோப்பு மின்னஞ்சலில் வந்திருந்ததால், எங்கள் வைத்தியர் அதைத் தன் லப்டொப்பில் திறந்து வைத்துக்கொண்டே பார்த்தார்.

நாலாம் தரம் போனபோது வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். திருகாணி எங்கே, எந்தச் சரிவில் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிய, அதில் ஒரு சின்னக் குறிக்கம்பத்தைப் பூட்டி மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அளவில் இயந்திரம் சிர்கோனியா என்ற கடினமான வெள்ளைப் பீங்கான் கட்டியைக் கடைந்து பல்லாக்கியது. நிறத்தை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தெரிவு செய்தோம். கடைசியில் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த இடத்தை இரண்டு தரம் தேய்த்துச் சரி செய்தார்.

பணம் கட்ட முதலே ஸ்கேன், அச்சு, திருகாணி, மேல் பல் என்று தனித்தனியாக எழுதி வாங்கியிருந்தேன். அச்சைத் திருப்பி அடித்தபோது அது உதவியது. புறப்படும்போது திருகாணியின் வகையும் அளவும் இலக்கமும் எழுதிய அட்டையையும் கோப்பின் பிரதியையும் கேட்டு வாங்கினேன். அட்டை என் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. கோப்பு மகளின் போனிலும் எங்கள் வைத்தியரிடமும் இருக்கிறது.