எடவப்பாதி மழையில் இறங்காத வெற்றிடம்

ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது, எங்கள் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பின் சேம்பர் (சாம்பிளை வைத்துக் காற்றை இழுத்துவிடும் அறை) பன்னிரண்டு நிமிடத்தில் 5×10⁻⁵ மில்லிபாருக்கு இறங்கிவிடும். எடவப்பாதி மழை, அதாவது கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை, பிடித்த வாரம் நாற்பது நிமிடம் ஓடியும் 3×10⁻⁴-ஐத் தாண்டவில்லை. 10⁻⁴-க்குக் கீழே போகாமல், எலெக்ட்ரான் தரும் ஃபிலமென்ட் எரிய இன்டர்லாக் (பாதுகாப்புப் பூட்டு) விடாது.

சந்தேகம் முதலில் ஈரத்தின் மேல்தான் விழும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் நீராவியின் அழுத்தம் மட்டும் சுமார் 34 மில்லிபார். கதவைத் திறந்த உடனே அது சேம்பர் சுவரில் படியும். பம்ப் இழுக்கும்போது லேசில் விடாது.

முதல் கட்டமாகக் காற்றை இழுக்கும் ரோட்டரி பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது, அதாவது தண்ணீர் கலந்திருக்கிறது. பம்பைத் தனியாக அடைத்து, கேஸ் பேலஸ்டை (நீராவியை வெளியே தள்ளப் பம்புக்குள் கொஞ்சம் காற்று விடும் வால்வு) திறந்து 45 நிமிடம் ஓட்டினோம். நிறம் தெளியாததால் சூடு ஆறுவதற்குள் வடித்துப் புது எண்ணெய் ஊற்றினோம். ஓட்டி முடித்ததும் பேலஸ்டை மூட மறக்கக் கூடாது. திறந்தே கிடந்தால் பம்ப் அடிவரை இறங்காது. இல்லாத கசிவைத் தேடி அரை நாள் போய்விடும்.

எண்ணெய் மாற்றியும், குறைந்த அழுத்தத்தை அளக்கும் பென்னிங் கேஜ் அதே 3×10⁻⁴ காட்டியது. அடுத்தது ஏற்றச் சோதனை: பம்பை அடைத்துவிட்டு, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பது. ஹை டென்ஷனையும் (உயர் மின்னழுத்தம்) பென்னிங்கையும் அணைத்து, உயர் வெற்றிடத்துக்கு இழுக்கும் டர்போ பம்புக்கு மேலே உள்ள கேட் வால்வை மூடி, அதைவிட அதிக அழுத்தத்தை அளக்கும் பிரானி கேஜை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தோம்: 0.02, 0.07, 0.12, 0.17 மில்லிபார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. ஈரம் இப்படி ஏறாது; முதலில் வேகமாக ஏறி, போகப் போக வளைந்து தணியும். நேர்கோடு என்றால் வெளிக்காற்று உள்ளே வருகிறது.

கணக்கும் ஒத்துப்போனது. சேம்பர் 20 லிட்டர். நிமிடத்துக்கு 0.05 மில்லிபார் ஏறினால் நொடிக்குச் சுமார் 0.017 மில்லிபார்-லிட்டர் காற்று நுழைகிறது. டர்போ நொடிக்கு 60 லிட்டர் இழுக்கும். வகுத்தால் 2.8×10⁻⁴, பென்னிங் காட்டியதும் ஏறக்குறைய அதுதான். மழைமேல் பழி போட்டிருந்தால் செப்டம்பர் வரை காத்திருந்திருப்போம்.

வால்வைத் திறந்து மறுபடி பம்ப் செய்துகொண்டே, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினோம். தடவிய இடத்தில் 20 நொடியாவது பொறுக்க வேண்டும். சூடான பம்ப் பக்கம் இது வேண்டாம், தீப்பிடிக்கும். கேஜ் முள் மேலே துள்ளினாலும் கீழே விழுந்தாலும் அங்கேதான் ஓட்டை. சில சமயம் திரவமே உறைந்து ஓட்டையை அடைத்துவிடுவதால் எண் குறையும். குழாய் இணைப்புகளைப் பிடிக்கும் கே.எஃப். 25 கிளாம்புகள் எதிலும் கசிவு இல்லை. கதவின் கீல் பக்கம் வந்ததும் துள்ளியது. கதவை இறுக்கி அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு இழை, தலைமுடியைவிட மெல்லியது, துடைத்த துணியிலிருந்து வந்தது.

ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாமல் பிளாஸ்டிக் குச்சியால் எடுத்து, இழை பிரியாத துணியில் ஐசோபுரோபைல் நனைத்துத் துடைத்தோம். அசிட்டோன் பட்டால் வைட்டான் ரப்பர் ஊதிவிடும். கிரீஸும் பூச வேண்டாம். தூசிக்கு அது பசை. பிறகு எடுத்த ஏற்றம் 0.02, 0.03, 0.036, 0.039. வளைகிறது, மிச்சம் வெறும் ஈரம். 25 நிமிடத்தில் 6×10⁻⁵ வந்தது. மழைக்காலத்துக்கு இது போதும்.

அதற்கப்புறம் சேம்பரை அறைக் காற்றால் நிரப்புவதில்லை. உலர்ந்த நைட்ரஜன்தான், ரெகுலேட்டர் 0.2 பாருக்கு மேல் போகாமல். சாம்பிளை முன்கூட்டியே ஹோல்டரில் ஒட்டி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் மூன்று நிமிடத்தில் மூடிவிடலாம். குளிர்நீர் அனுப்பும் சில்லரும் கவனம்: அறை 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கிட்டத்தட்ட 16. தண்ணீரை 15-இல் வைத்தால் குழாய் வியர்த்து மின்பலகையில் சொட்டும், 18-இல் வைக்கிறோம்.

நோட்டில் தினமும் இரண்டே எண்: 0.1 மில்லிபார் தொட எத்தனை நிமிடம், 10⁻⁴ தொட எத்தனை நிமிடம். எழுதுபவர்களில் பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ். அதனால் குறிப்பெல்லாம் வெறும் எண்ணாகவே இருக்கிறது, படிப்பதற்கும் அதுவே சௌகரியம்.