அடுக்கில் எக்ஸ் வந்தால் முதலில் வளைவரை, பிறகு கணக்கு

அடுக்கில் எக்ஸ் உள்ள கணக்கு எதுவானாலும் விடைத்தாளின் ஓரத்தில் 2^எக்ஸ் வளைவரையைச் சின்னதாகக் கிறுக்கி வையுங்கள் (^ குறிக்குப் பின் வருவது அடுக்கு). இடப்பக்கம் எக்ஸ் அச்சை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. (0, 1) வழியாக ஏறி, வலப்பக்கம் மளமளவென்று மேலே போய்விடும். மதிப்பு எங்கேயும் பூஜ்ஜியமாகவோ குறை எண்ணாகவோ ஆவதில்லை. பிளஸ் ஒன் தேர்விலும் ஜேஇஇ-யிலும் தவறான விடையைத் தள்ளுவதற்கு இது பலமுறை கைகொடுக்கும்.

எளிய வகை, இரு பக்கமும் ஒரே அடிமானத்துக்கு (அடுக்கைத் தாங்கும் கீழ் எண்; 2^எக்ஸ்-இல் 2) வருவது. 9^(எக்ஸ்−1) = 27^(எக்ஸ்+2) என்றால் இரண்டையும் 3-இன் அடுக்காக மாற்றி 2(எக்ஸ்−1) = 3(எக்ஸ்+2) என்று எழுத, எக்ஸ் = −8. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 2எக்ஸ்−1 என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். அவசரப்பட்டு மனக்கணக்காகப் போடாதீர்கள்.

கூட்டலோ கழித்தலோ நடுவில் வந்துவிட்டால் அடுக்குகளை நேரடியாகச் சமப்படுத்தக் கூடாது. 2^(எக்ஸ்+3) − 2^எக்ஸ் = 56 என்பதில் 2^எக்ஸ்-ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுங்கள். உள்ளே 8 − 1 = 7 மிஞ்சும். 2^எக்ஸ் = 8, எக்ஸ் = 3. இதே குழப்பத்தின் தம்பி, 3 × 2^எக்ஸ் என்பதை 6^எக்ஸ் என்று எழுதுவது. எக்ஸுக்கு 0 போட்டால் ஒன்று 3, மற்றது 1. அவ்வளவில் தெரிந்துவிடும்.

அடுத்தது மறைந்திருக்கும் இருபடிச் சமன்பாடு. 4^எக்ஸ் − 2^(எக்ஸ்+1) − 8 = 0. இதில் 2^எக்ஸ் = டி என்று வைத்தால் டி² − 2டி − 8 = 0; டி = 4 அல்லது −2. ஓரத்து வளைவரையைப் பாருங்கள், −2 என்ற உயரத்துக்கு அது இறங்குவதே இல்லை. எனவே எக்ஸ் = 2 மட்டும். −2-ஐப் பார்த்ததும் எக்ஸ் = −1 என்று எழுதுபவர்கள் 2^(−1) என்பது ½ என்பதை மறந்துவிடுகிறார்கள். தள்ளிய மூலத்தைச் சும்மா அடித்துவிடாமல் '2^எக்ஸ் எப்போதும் மிகை, ஆகவே ஏற்கத்தக்கதல்ல' என்று ஒரு வரி எழுதுங்கள். 9^எக்ஸ் + 4 × 3^எக்ஸ் + 3 = 0 போல வந்தால் காரணிப்படுத்தவே வேண்டாம். மூன்று மிகை எண்களின் கூடுதல் பூஜ்ஜியமாகாது, தீர்வு இல்லை.

அடிமானம் ஒத்துவராதபோதுதான் மடக்கை (லாக்). 3^எக்ஸ் = 20 என்றால், 3² = 9, 3³ = 27; விடை 2-க்கும் 3-க்கும் நடுவில் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ் = லாக் 20 ÷ லாக் 3 = 1.3010 ÷ 0.4771, சுமார் 2.727. வகுப்பதற்குப் பதில் கழித்தால் 0.8239 வரும், முன்னால் குறித்த எல்லை அதை உடனே காட்டிக்கொடுக்கும்.

வரைபடக் கேள்வியில் ஒய் = 2^(எக்ஸ்−1) − 3 வந்தால் புள்ளிகளுக்கு ஓடாதீர்கள். முதலில் ஒய் = −3 என்ற தொலைத்தொடுகோட்டை (வளைவரை நெருங்கிக்கொண்டே போய்த் தொடாத கோடு) புள்ளிக்கோடாகப் போடுங்கள். பிறகு எக்ஸ் = 0, 1, 2, 3, 4 என்று எடுத்தால் ஒய் = −2.5, −2, −1, 1, 5. அடுக்கில் எக்ஸ்−1 இருப்பதால் வளைவரை வலப்பக்கம் 1 அலகு நகர்கிறது. கழித்தல் குறியைப் பார்த்து இடப்பக்கம் தள்ளுவது பழக்கதோஷம். எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தில் 2^(எக்ஸ்−1) = 3, அதாவது எக்ஸ் சுமார் 2.585. எக்ஸை 7, 8 வரை கொண்டுபோனால் ஒய் அச்சில் 61, 125 தேவைப்படும். அந்த அளவுத்திட்டத்தில் இடப்பக்க வளைவு நசுங்கி நேர்கோடாகத் தெரியும். ஸ்கேலால் புள்ளிகளை இணைக்க வேண்டாம். இடமுனையை மேலே வளைத்துவிடவும் வேண்டாம், அது −3-ஐ நோக்கிப் படுத்துக்கொண்டே போக வேண்டும். −2^எக்ஸ் என்பது எக்ஸ் அச்சில் பிரதிபலிப்பு, 2^(−எக்ஸ்) என்பது ஒய் அச்சில் பிரதிபலிப்பு; இரண்டும் வேறு வேறு படங்கள்.

சமனிலியில் அடிமானம் 1-ஐவிடச் சிறியதானால் குறி திரும்பும்: (½)^எக்ஸ் > 8 என்றால் எக்ஸ் < −3.

இதுவரை அடிமானம் மிகை எண், 1 அல்ல என்ற பாதுகாப்பு இருந்தது. அடிமானத்திலேயே எக்ஸ் வந்தால் அந்த வளைவரை உதவாது. 2016 ஜேஇஇ மெயினில் வந்த கணக்கு இது: (எக்ஸ்² − 5எக்ஸ் + 5)^(எக்ஸ்² + 4எக்ஸ் − 60) = 1, மெய்த்தீர்வுகளின் கூடுதல் என்ன? அடுக்கு 0 ஆனால் எக்ஸ் = 6, −10 (அப்போது அடிமானம் 0 அல்ல என்று சரிபார்க்க வேண்டும்; 11, 155 என வருகிறது). அடிமானம் 1 ஆனால் எக்ஸ் = 1, 4. பலர் கோட்டைவிடுவது மூன்றாவது வழியை: அடிமானம் −1, அடுக்கு இரட்டை எண். அடிமானம் −1 ஆவது எக்ஸ் = 2, 3 ஆகியவற்றில். 2-க்கு அடுக்கு −48, ஏற்கலாம். 3-க்கு −39, ஒற்றை எண், தள்ள வேண்டும். அடுக்கு 0 என்பதோடு நின்றவருக்குக் கூடுதல் −4; எக்ஸ் = 3-ஐயும் சேர்த்தவருக்கு 6. சரியான விடை 6 − 10 + 1 + 4 + 2 = 3.