சிமெண்ட் ஏற்றி ஓடிய லாரி, ஆயுத பூஜைக்கு முன்: எஞ்சின் கழுவிய நாட்குறிப்பு

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

நாளை நவராத்திரி தொடங்குகிறது. நாமக்கல், சங்ககிரி பக்கம் வாட்டர் சர்வீஸ் கடைகளில் இனி ஆயுத பூஜை வரை லாரிகள் வரிசை கட்டி நிற்கும். என் வண்டியின் எஞ்சினை மட்டும் வீட்டுக் களத்திலேயே வைத்துக் கழுவப் போகிறேன். அரியலூர் சிமெண்ட் லோடு விடாமல் ஓடிய வண்டி. எடுத்த எடுப்பில் இதில் தண்ணீர் அடிக்கக் கூடாது. சிமெண்ட் தூசி ஈரம் பட்டால் இறுகிவிடும். ரேடியேட்டர் இடுக்கில் இறுகிவிட்டால், சுரண்டி எடுப்பதற்குள் அலுமினியத் தகடுகள் மடங்கிப் போகும்.

எஞ்சின் கேபினுக்கு அடியில் இருக்கிறது. இன்று கேபினைச் சாய்த்துப் பார்த்ததோடு சரி. அதற்கே ஏற்பாடு வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார், தண்ணீர் கேன், படுக்கைக்கு அடியில் கிடந்த ஸ்பேனர் பை எல்லாவற்றையும் கீழே இறக்கினோம். கேபின் சாயும்போது கண்ணாடியை உடைப்பது இப்படி உருண்டு வரும் சாமான்கள்தான். பாதி சாய்ந்த கேபினுக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. முழுக்கச் சாய்ந்து, தாங்கு கம்பி பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையே உள்ளே போகலாம்.

கிளீனர் தம்பிக்கு அவசரம். "அண்ணா, தண்ணி அடிச்சுடலாமுங்களா?" என்றான். முதலில் போட்டோ எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு பக்கமும், கிட்டத்தில் வைத்து. கழுவிவிட்டால் எந்தக் கசிவு எங்கே தொடங்கியது என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். உலர்ந்த சாம்பல் நிறத் தூசி இருக்கும் இடத்தில் கவலை இல்லை. கறுத்து ஈரமாக மினுங்கினால் ஆயில். அது கீழே வழியும், ஓட்டத்தில் பின்பக்கம் சிதறும். அதனால் ஈரத்திலேயே மேலாகவும் முன்னாலும் உள்ள புள்ளியைத்தான் தேட வேண்டும். டீசல் கசிந்தால் அழுக்கைக் கரைத்து, ஒரு கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் காய்ந்த இடத்தில் அதன் நிறத்திலேயே கறை படியும். புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியாக் கரைசல் போகும் குழாயின் இணைப்பில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

எங்கள் வண்டியில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ஓரத்தில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருக்கும் பக்கம், ஒரு ஈரத் தடம். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் மூட்டில் கறுப்புப் பிசுக்கு. முதலாவது எனக்குப் பிடிக்கவே இல்லை. லோடு ஏறி மேடு இழுக்கும்போது டர்போவும், புகை வெளியேறும் மேனிஃபோல்டும் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதன் தலைக்கு மேல் ஆயில் சொட்டக் கூடாது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று முழுக்க உலர் வேலை. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

வண்டி நேற்றிலிருந்து நிற்பதால் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. முகமூடி, கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை. சிமெண்ட் தூசி வியர்வையில் கலந்தால் காரமாகி, தோலை அரித்துப் புண்ணாக்கும். நுரையீரலுக்குப் போனால் அதைவிட மோசம். தம்பி துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். தூசிக்குத் துண்டு போதாது என்று நல்ல முகமூடி வாங்கிவரச் சொல்லி, அது வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினோம். கெட்டிப் பிசுக்கைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்தோம். இந்த வேலை எவ்வளவு நடக்கிறதோ அவ்வளவுக்கு நாளை தண்ணீரும் கிளீனிங் மருந்தும் மிச்சம்.

ரேடியேட்டருக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் தூசி, பூச்சி, வைக்கோல் துணுக்கு எல்லாம் மெத்தைபோல் படிந்திருந்தது. காற்று வழக்கமாக முன்னிருந்து உள்ளே போகிறது. அதனால் எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுவதுபோல் அடித்தால்தான் அடைப்பு வந்த வழியே போகும். கம்ப்ரசர் அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வைத்து, தகடுகளுக்கு நேராகப் பிடித்தேன். சாய்த்துப் பிடித்தால் தகடு மடங்கும். கோடையில் டெம்பரேச்சர் முள் ஏறினால் எல்லாரும் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்ப்பையும் சந்தேகப்படுகிறார்கள். இந்த இடுக்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 24, புதன்

காலை வெயில் ஏறுமுன் கழுவிவிட்டோம். கிளீனிங் மருந்து உலோகத்திலேயே காய்ந்துவிடக் கூடாது, அதனால்தான் இந்த நேரம்.

பூஜைக்கு முன் பல இடங்களில் டீசலையோ மண்ணெண்ணெயையோ கம்ப்ரசரில் வைத்து எஞ்சின் மேல் அடிப்பார்கள். பளபளப்பு வரும், உண்மைதான். ஆனால் பனிபோல் தெறித்த டீசல் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். ஹோஸ்களும் எஞ்சின் மவுண்ட் ரப்பரும் அதில் ஊறி உப்பும். அந்த ஈரத்தில் அடுத்த லோடின் தூசி முழுவதும் வந்து ஒட்டும். காஸ்டிக் சோடா இன்னும் கெடுதல். அலுமினியத்தையே தின்றுவிடும். நான் வாங்கியது அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருந்த, தண்ணீரில் கரைக்கும் டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் மருந்து.

பேட்டரியைக் கழற்றும் முன் ஒரு விஷயம். சாவியை அணைத்த பிறகும் பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டியில் யூரியா பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, குழாயில் இருக்கும் யூரியாவைத் தொட்டிக்குத் திருப்பி இழுக்கும். அது முடியுமுன் கரண்ட்டைத் துண்டித்தால் மிச்சம் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சில நிமிடம் பொறுத்திருந்து, பிறகு நெகடிவ் ஒயரை எடுத்தேன்.

ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பெட்டி, எஞ்சினின் கம்ப்யூட்டரான இ.சி.யு., சென்சார் கனெக்டர்கள், எஞ்சினுக்குக் காற்று போகும் ஏர் இன்டேக் வாய் ஆகியவற்றுக்குப் பாலித்தீன் கவர் போட்டு டேப் ஒட்டினோம். எங்கெங்கே கட்டினோம் என்று தம்பி நோட்டில் எழுதிக்கொண்டான். இன்டேக்கில் ஒரு கவரை மறந்து ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

மருந்தைக் கீழிருந்து மேலாக அடித்து, பிரஷ் போட்டு, மேலிருந்து கீழாக அலசினோம். தோட்டத்து ஹோஸ்தான், விரலால் மறைத்தால் வரும் அளவு வேகம். வாட்டர் சர்வீஸ் கன்னில் வரும் தண்ணீர் கனெக்டர் சீலைத் தாண்டி உள்ளே போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து, என்றாவது தொப்பூர் கணவாயில் சென்சார் சிக்னல் போய் எஞ்சின் இழுவை குறையும். வண்டி கழுவியது யாருக்கும் அப்போது ஞாபகம் இருக்காது.

அலசிய தண்ணீரை மண்ணில் விடவில்லை. களத்துக்குப் பக்கத்திலேயே கிணறு. வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் மணல் மூட்டை வைத்து, உள்ளே உமி கொட்டியிருந்தோம். ஊறிய உமியையும் தேங்கிய தண்ணீரையும் மூடி போட்ட டிரம்களில் அடைத்தாயிற்று. பட்டறைக்குப் பழைய ஆயில் எடுக்க வரும், அனுமதி பெற்றவரிடம் அவற்றையும் கொடுத்துவிடுவோம். 2016 அபாயக் கழிவு விதிகள் பழைய ஆயிலுக்கும் பொருந்தும். விதி இல்லாவிட்டாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்.

செப்டம்பர் 25, வியாழன்

கவர்களைப் பிரித்து, நோட்டில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தோம். கனெக்டர்களுக்கு மெல்லக் காற்று கொடுத்து, கேபினைச் சாய்த்தபடியே வெயிலில் விட்டோம். மதியத்துக்கு மேல் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். பெல்ட் சத்தம் இல்லை, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் இல்லை. சந்தேகப்பட்ட இரண்டு இடங்களிலும் எஞ்சின் ஆறிய பிறகு முகப் பவுடர் தூவினேன். கசிந்தால் பவுடரில் கறை தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அரியலூர் போய் வந்த வண்டியில் பவுடர் உண்மையைச் சொல்லிவிட்டது. டேப்பட் கவரின் மூலை ஒன்றில் தெளிவான ஆயில் கோடு. மேஸ்திரி அண்ணன் பார்த்தவுடனே, "பேக்கிங் போயிருச்சுங்க, போல்ட்டை இறுக்குனா நிக்காது" என்றார். புதுப் பேக்கிங் போட்டு, போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன டார்க்கில், அதாவது முறுக்கு விசை அளவில் இறுக்கினார். ஹோஸ் மூட்டில் கிளிப் மட்டும்தான் தளர்ந்திருந்தது. அதையும் மாற்றியாயிற்று.

சுத்தமான எஞ்சினில் அவர் வேலை சீக்கிரம் முடிந்தது. கவரைத் திறக்கும்போது உள்ளே மண் விழவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சந்தனமும் குங்குமமும் கேபினுக்கும் பம்பருக்கும். ரேடியேட்டர் கிரில்லை மறைக்கும் மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கற்பூரத் தட்டை வண்டிக்கு முன்னால் தள்ளி நின்று காட்டினோம். எஞ்சின் பக்கம் கொண்டுபோகவில்லை. துடைத்த பனியன் வேஸ்ட் முழுவதும் மூடி போட்ட தகர டப்பாவில் அடைத்து, களத்துக்கு வெளியே தூரமாக வைத்திருந்தோம்.

நாளை மறுநாள் லோடு. திரும்பி வந்ததும் அதே மூலையில் மறுபடி பவுடர் தூவிப் பார்க்க வேண்டும் என்று தம்பி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.